கேன் தூக்கிய நான் விழுந்தேன், கூடை சுமந்த அம்மா நடந்து போனார். ஏன்?

9 நவம்பர் 2024, இரவு 9.10 (வாசகர் கேள்வி)

அண்ணே, நான் வளசரவாக்கம் பக்கம். எங்கள் தெருவை வடிகாலுக்காகத் தோண்டி, மண்ணைத் தள்ளி மூடிவிட்டுப் போய் மூன்று வாரம் ஆகிறது. மேலே ஜல்லி, உடைந்த தார்க்கட்டி, நடுநடுவே சேறு. வண்டி உள்ளே வராததால் தண்ணீர் கேன் போடுகிறவர் தெருமுனையிலேயே இறக்கிவிடுகிறார். நேற்று 20 லிட்டர் கேனை வலது தோளில் ஏற்றிக்கொண்டு வந்தேன். எனக்கு 29 வயது, 60 கிலோ, வாரத்தில் நான்கு நாள் ஜிம்முக்குப் போகிறவன். பாதி வழியில் விழுந்து முழங்கையில் நான்கு தையல். நான் எழுந்து உட்கார்ந்திருக்கும்போதே மீன்காரம்மா ஒருவர் தலையில் அன்னக்கூடையோடு அதே இடத்தைத் தாண்டிப் போனார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். கூடையும் லேசானதில்லை. "பழக்கம்" என்கிறார்கள் எல்லாரும். பழக்கம் மட்டும்தானா? சுமையைத் தலையில் வைப்பது நல்லதா, தோளிலா?

10 நவம்பர், காலை 6.30

தம்பி, தையல் பிரிக்கும் வரை கேன் பக்கம் போகாதே.

சென்னையில் கட்டட வேலையில் சைட் பார்த்து 26 வருடம் ஆகிறது எனக்கு. கலவைப் பாண்டு (சிமெண்ட் கலவை அள்ளும் சட்டி) சுமந்து சாரம் ஏறுகிற ஆட்களை தினமும் பார்க்கிறவன். ஆகவே இந்தக் கேள்வி என் கேள்வியும்தான். பழக்கம் என்ற ஒரே சொல்லில் முடித்துவிட்டால், விழுந்தவன் மேலேயே பழி போய்விடும். அது எனக்குப் பிடிக்காது.

முதலில் கணக்கு. நிற்கும்போது நம் எடையின் மையம் தொப்புளுக்குச் சற்றுக் கீழே இருக்கிறது, உயரத்தில் சுமார் 55 சதவீதம். ஐந்தரை அடி ஆளுக்குத் தரையிலிருந்து 91, 92 சென்டிமீட்டர். 60 கிலோ ஆள் 20 கிலோவைத் தோளில் வைத்தால் மையம் ஏறக்குறைய 15 சென்டிமீட்டர் மேலே ஏறிவிடும். கேனின் நடு, உடம்பின் நடுக்கோட்டிலிருந்து ஒரு சாண் தள்ளி இருக்கிறது. 20 கிலோவை 20 சென்டிமீட்டரால் பெருக்கி மொத்த 80 கிலோவால் வகுத்தால் 5 சென்டிமீட்டர். உன் எடை மையம் வலது பக்கம் 5 சென்டிமீட்டர் நகர்ந்துவிட்டது.

அது ஒன்றும் பெரிதில்லை என்று தோன்றும். பாதத்தின் அகலம் எவ்வளவு என்று அளந்து பார். ஒன்பது, பத்து சென்டிமீட்டர்தான். அதில் பாதி ஐந்து. ஒற்றைக்காலில் நிற்கும்போது உன் கணக்கு விளிம்புக்கு வந்துவிட்டது.

மீன்காரம்மாவுக்கு மையம் உன்னைவிட மேலே ஏறியிருக்கும், ஆனால் பக்கவாட்டில் நகரவே இல்லை. ஆகவே தலையே நல்லது. வலது பக்கம் சரிந்து விழுந்திருப்பாய் என்று நினைக்கிறேன்.

10 நவம்பர், மதியம் 1.15

சாப்பாட்டு நேரத்தில் ஒன்று சேர்க்கிறேன். ஒற்றைக்கால் என்றது ஏன் என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். நடக்கும்போது இரண்டு காலும் தரையில் படும் நேரம் ஐந்தில் ஒரு பங்குதான். மீதி நேரம் முழுக்க நாம் ஒற்றைக்காலில் இருக்கிறோம். சுமை ஏறினால் உடம்பு தானாகவே இரண்டு கால் நேரத்தைக் கூட்டிக்கொள்ளும், அடியைக் குறைக்கும். யாரும் சொல்லித்தருவதில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஈரத்தரையில் நடந்து பாருங்கள், தெரியும்.

10 நவம்பர், இரவு 10.40

கேள்வி கேட்ட தம்பி பதில் போட்டிருக்கிறார்: "இல்லண்ணே, இடது பக்கம் விழுந்தேன். இடது முழங்கையில்தான் தையல்."

காலையில் எழுதியது தப்பு. கணக்கு சரி, ஆனால் ஆளை மரக்கட்டை மாதிரி நினைத்துப் போட்ட கணக்கு. வலது தோளில் கேன் ஏறிய நொடியே உடம்பு இடது பக்கம் சாய்ந்துகொள்ளும். இடுப்பு தள்ளும், இடது கை விரியும். அந்த 5 சென்டிமீட்டரை உடம்பு முதல் அடியிலேயே சரிக்கட்டிவிட்டது. அப்படியானால் எப்படி விழுந்தார்? யோசித்துவிட்டு எழுதுகிறேன்.

11 நவம்பர், காலை 5.50

தூக்கம் வரவில்லை, இதே நினைப்பு. தம்பி, இரண்டு கேள்வி. விழும்போது எந்தக் கால் தரையில் இருந்தது? அந்த இடத்தில் மண் மூடிய பள்ளம் இருந்ததா, கெட்டித் தரையா?

11 நவம்பர், இரவு 9.30

பதில் வந்துவிட்டது. இடது கால். மேலே ஜல்லி பரவியிருந்ததாம், கால் வைத்ததும் கணுக்கால் வரை உள்ளே போனதாம்.

இப்போது புரிகிறது. தோண்டிய மண்ணைத் தள்ளி மூடினால் மட்டும் போதாது. அரையடிக்கு ஒரு தடவை தண்ணீர் விட்டு, திமிசுக்கட்டையால் இடித்து இடித்து ஏற்ற வேண்டும். இடிக்காமல் மூடினால் மேலே கெட்டியாகத் தெரியும், உள்ளே பொதபொதவென்று இருக்கும். வெறும் ஆள் நடந்தால் தாங்கும். 80 கிலோ ஒற்றைக்காலில் இறங்கினால் தாங்காது.

உடம்பு ஏற்கெனவே இடது பக்கம் சாய்ந்திருக்கிறது, கேனைச் சரிக்கட்ட. அந்த நேரம் பார்த்து இடது கால் புதைகிறது. எந்தப் பக்கம் சாய்ந்து தன்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்தாரோ அந்தப் பக்கத்துத் தரையே இல்லாமல் போனது. உடம்பு கொஞ்சம் சாய்ந்து இடுப்பு நான்கு விரல் நகர்ந்தால், தோள் ஆறு விரல் நகரும், கேன் தோளுக்கும் மேலே இருக்கிறது. வெறுங்கையோடு போயிருந்தால் வலது கையை வீசி உடம்பை இழுத்திருப்பார். அந்தக் கை கேனைப் பிடித்திருந்தது.

ஆக, அவரை விழவைத்தது 20 கிலோ இல்லை. கையும் போய், சாய்வதற்கு இருந்த இடமும் போய், தரையும் போனது. மூன்றும் ஒரே அடியில்.

13 நவம்பர், இரவு 8.00

"மீன்காரம்மாவின் கால் ஏன் புதையவில்லை?" சரியான கேள்வி. புதைந்திருக்கும். புதைந்தும் விழவில்லை என்பதுதான் விஷயம்.

இதை இன்று சைட்டில் உட்கார்ந்து பார்த்தேன். போரூர் பக்கம் ஒரு மூன்று மாடி வேலை. சித்தாள் ஒருவர், நாற்பது வயது இருக்கும், தலையில் சும்மாடு, அதன்மேல் சின்னப் பலகை, பலகையில் நான்கு நான்காக இரண்டடுக்குச் செங்கல், மேலே இன்னொன்று. ஒன்பது கல், 25 கிலோவுக்குக் குறையாது. ஏறுவது சாய்வுப் பலகையில். வழுக்காமல் இருக்க ஒரு முழத்துக்கு ஒன்றாகக் குறுக்கே ரீப்பர் கட்டை (மெல்லிய மரச்சட்டம்) அடித்திருக்கிறோம்.

கழுத்துக்கு மேலே எதுவும் அசையவில்லை. கண் பலகையின் மேல் முனையில். ஆனால் கால் இருக்கிறதே, அது தனியாக ஒரு வேலை செய்கிறது. முன்னால் வைத்த காலில் உடனே எடையை இறக்குவதில்லை. விரல்கள் முதலில் ரீப்பரைத் தொடுகின்றன, பெருவிரல் மட்டும் ஒரு முறை அழுத்துகிறது, அதற்குப் பிறகுதான் குதிகால் இறங்குகிறது, அதற்கும் பிறகுதான் இடுப்பு முன்னால் வருகிறது. அதுவரை எடை முழுக்கப் பின்காலில். முழங்கால் ஒருபோதும் முழுசாக நீளவில்லை. ஒரு இடத்தில் ரீப்பர் லேசாக ஆடியது. அவர் காலை எடுத்து இரண்டு விரல் தள்ளி வைத்தார். செங்கல் அசையவில்லை.

நாம் நடப்பது அப்படி இல்லை. ஒவ்வொரு அடியும் முன்னால் விழுந்து காலால் தாங்கிக்கொள்வதுதான். குதிகால் படும்போதே எடை இறங்கிவிட்டது. தரை ஏமாற்றினால் திரும்ப எடுக்க முடியாது.

13 நவம்பர், இரவு 8.20

விட்டுப்போனது: சும்மாடு. வெறும் மெத்தை என்று நினைக்கிறார்கள். துணியைத் திரித்துச் சுருட்டி வளையமாக வைப்பது, உருண்டையான தலையில் தட்டையான ஒரு பீடம் கிடைப்பதற்கு. அது இல்லாமல் கூடை ஒரு புள்ளியில் உட்காரும், ஆடும்.

15 நவம்பர், காலை 7.10

பௌதிகம் படித்தவர் ஒருவர் என் முதல் குறிப்பைத் திருத்தியிருக்கிறார். அவர் சொல்வது சரி, எனக்குப் பெரிய திறப்பாகவும் இருந்தது.

மையம் மேலே ஏறினாலே ஆபத்து என்ற தொனியில் எழுதியிருந்தேன். அவர் சொன்ன சோதனையைச் செய்து பார்த்தேன். பென்சிலை உள்ளங்கையில் செங்குத்தாக நிறுத்த முடியவில்லை. தென்னந்துடைப்பத்தை, குச்சிக்கட்டு மேலே இருக்கும்படி, எளிதாக நிறுத்த முடிந்தது. நீளமானது மெதுவாகச் சாய்கிறது, கையை நகர்த்த நேரம் தருகிறது. கழைக்கூத்தாடி கையில் நீளமான கழி பிடிப்பதும் இதே ரகம். கழி சுழல மறுக்கும், ஆள் தன்னைத் திருத்திக்கொள்ள அரை நொடி கிடைக்கும். கரகாட்டக்காரர் தலையில் அடுக்கியிருக்கும் உயரமும் அவருக்கு முழுக்க எதிரி இல்லை.

ஆகவே தலைச்சுமை இரண்டு வேலை செய்கிறது. சாய்வதைத் தாமதமாக்கும், ஆனால் சாய்ந்துவிட்டால் நிமிர்த்த அதிக பலம் கேட்கும். சித்தாள் அந்தத் தாமதத்துக்குள்ளேயே திருத்திவிடுகிறார். நானும் நீங்களும் அந்தத் தாமதத்தில் "சரியாகத்தான் இருக்கிறது" என்று நினைத்துக்கொண்டிருப்போம். தலையே நல்லது என்று 10ஆம் தேதி எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். கற்றவருக்கு நல்லது. கல்லாதவர் நேராகத் தலையில் ஏற்றினால் கழுத்து போகும். கற்றவருக்கும் வருடக்கணக்கில் சுமந்தால் கழுத்தெலும்பு தேயத்தான் செய்கிறது. என்னோடு வேலை செய்த எத்தனையோ பெண்கள் இன்று கழுத்தைத் திருப்ப முடியாமல் உடம்போடு திரும்பிப் பார்க்கிறார்கள்.

16 நவம்பர், இரவு 10.05

துடைப்பம் பற்றி எழுதியதிலிருந்து அம்மா ஞாபகம்.

வியாசர்பாடியில் நாங்கள் இருந்த சந்தில் தண்ணீர் லாரி உள்ளே வராது. அம்மா ஒரு குடம் இடுப்பில், ஒரு குடம் கையில். நான் பத்து வயதில் பாதிக் குடம். "அரைக்குடமாவது தூக்கிட்டு வா" என்பார். எனக்குத்தான் எப்போதும் கால் தடுக்கும், சட்டை நனையும். சின்னப் பையன் என்பதால் என்று அப்போது நினைத்தேன்.

காரணம் அந்தப் பாதிதான். நிறைகுடம் தளும்பாது என்று வாயால் சொல்கிறோமே, அது நேரடியாகவே உண்மை. கழுத்துவரை நிரம்பிய குடத்தில் தண்ணீருக்கு ஓட இடமில்லை, குடமும் தண்ணீரும் ஒரே பொருளாக வரும். பாதிக் குடத்தில் தண்ணீர் தனி ஆள். நான் வலது காலை வைக்கும்போது அது வலப்பக்கம் ஓடும், இடது காலுக்கு மாறும்போதும் அது இன்னும் வலப்பக்கமே ஏறிக்கொண்டிருக்கும். என் நடையும் அதன் அலையும் ஒரே தாளத்துக்கு வந்துவிட்டால் ஒவ்வொரு அடியும் அலையைப் பெரிதாக்கும். எடை பாதி, தொல்லை இரண்டு மடங்கு.

அம்மாவுக்கு அது தெரிந்திருந்தது. குடத்தின் வாயில் இரண்டு பூவரசு இலையைப் போட்டு விடுவார். தூசிக்காக என்று நினைத்தேன். இலை மிதந்தால் அலை கொஞ்சம் அடங்கும்.

தம்பியின் கேன் முழுசாக நிறைந்து மூடிய கேன். அதில் தளும்பல் இல்லை. ஆகவே இது அவர் கேள்விக்குப் பதில் இல்லை. ஆனால் பாதி கேனை "லேசாக இருக்கிறது" என்று தூக்கிக்கொண்டு மாடி ஏறுகிறவர்கள் கவனிக்க வேண்டும்.

16 நவம்பர், இரவு 10.30

2019 ஜூனில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் என்ற நான்கு குடிநீர் ஏரிகளும் வறண்டபோது, சென்னையில் வாழ்நாளில் குடமே தூக்காதவர்கள்கூடத் தூக்கினார்கள். நானும் மாடிக்குத் தூக்கினேன், 47 வயதில். இரண்டு கையிலும் கைக்கொரு சின்ன வாளி எடுத்தபோது நன்றாக ஏற முடிந்தது. ஒரே பெரிய வாளி என்றால் கைப்பிடிச் சுவரில் இடித்துக்கொண்டே ஏறினேன். பாரத்தை இரண்டாகப் பிரித்தால் சாயவே வேண்டாம். காவடித்தண்டு அதற்குத்தான் வந்தது. மூங்கில் வளைந்து கொடுப்பதால் களைப்பு குறையும் என்று நினைப்போம். 1991இல் வெளியான ஓர் ஆய்வில் செலவாகும் சக்தி குறையவில்லை, தோளில் விழும் உச்ச அழுத்தம்தான் குறைந்தது.

19 நவம்பர், மாலை 6.45

பெற்றோருக்கு எழுபது வயது, காய்கறிக் கட்டைப்பையை ஒரே கையில் தொங்கவிட்டு நடக்கிறார்கள், என்ன செய்யலாம் என்று ஒருவர். இரண்டு பையாகப் பிரித்துக் கொடுங்கள். அதைவிட நல்லது முதுகில் மாட்டும் சின்னப் பை, கனமான பொருள் முதுகை ஒட்டி. கட்டைப்பை தொங்கி ஆடும், முழங்காலில் இடிக்கும். எல்லாவற்றையும்விட, இரண்டு கையும் காலியாக இருக்க வேண்டும். நடக்கும்போது நம் கால்விரல் நுனி தரையிலிருந்து ஒன்று, இரண்டு சென்டிமீட்டர் உயரத்தில்தான் போகிறது. ஒரு டைல்ஸ் தூக்கிக்கொண்டிருந்தால் போதும். தடுக்கினால் கைப்பிடிக்கோ சுவருக்கோ கை போக வேண்டும்.

21 நவம்பர், இரவு 9.15

மாலை போட்டிருக்கும் சாமி ஒருவர், இந்த முறை சபரிமலைக்கு எருமேலியிலிருந்து பெருவழி என்ற காட்டுப்பாதையில் போகிறாராம். இருமுடி தலையில், துணிப்பை தோளில். எது தொல்லை என்று கேட்கிறார்.

என் அனுபவம்: தொல்லை தோள்பை. நான் கன்னிசாமியாகப் பெருவழி போனபோது கரிமலை ஏற்றத்தில் ஒன்றும் ஆகவில்லை, மூச்சு வாங்கியதோடு சரி. இறக்கத்தில் உருண்டேன். மாற்றுத்துணி, டார்ச், தண்ணீர் பாட்டில் எல்லாம் போட்ட பையை ஒரு தோளில் குறுக்கே மாட்டியிருந்தேன். மரவேர் மேல் கால் வைத்து இறங்கும்போது பை பின்னாலிருந்து சுற்றி முன்னால் வந்தது. என் உடம்பு நின்றுவிட்டது, பை நிற்கவில்லை. அந்தச் சுற்றுதான் தள்ளியது. இருமுடி? ஒரு கையால் பிடித்தபடியே உட்கார்ந்து சரிந்தேன், அது தலையை விட்டு விழவில்லை. முன்முடியும் பின்முடியும் தலையின் இரு பக்கமும் சமமாகத் தொங்கும்படிதான் அதைக் கட்டுகிறார்கள். சமையல் சாமான் நிறைந்த பின்முடி தீரத் தீரத் தலையில் வைக்கும் இடத்தைக் கொஞ்சம் மாற்றச் சொன்னார் குருசாமி.

அவர் சொன்ன இன்னொன்று: "இறக்கத்துல நீட்டி வைக்காத சாமி, உன் நிழல் அளவுக்கு வை." உச்சிவேளை அது. நிழல் குட்டையாகக் கிடந்தது. ஏறும்போது தவறினால் மலை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது, முன்னால் விழுந்தாலும் பாதியில் தாங்கும். இறங்கும்போது தொடை ஒவ்வொரு அடியிலும் பிரேக் போடுகிறது, களைத்த தொடை தாமதமாகப் போடும், மேலே இருக்கிற சுமை காத்திருக்காது.

சாமிக்கு என் யோசனை: தோள்பையை இரண்டு தோளிலும் மாட்டும் பையாக மாற்றுங்கள், மார்பில் ஒரு துண்டால் கட்டுங்கள், கையில் ஒரு தடி. வெள்ளியங்கிரி போகிறவர்கள் மூங்கில் தடி இல்லாமல் ஏறுவதில்லை. அது மூன்றாவது கால்.

24 நவம்பர், காலை 8.00

செருப்பு, பூட்ஸ் பற்றி நிறையப் பேர் கேட்டுவிட்டார்கள். இதைச் சொல்ல எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

சில வருடத்துக்கு முன் ஒரு சைட்டில் எல்லாருக்கும் பாதுகாப்பு பூட்ஸ் கட்டாயம் என்று நான்தான் நின்று வாங்கிக் கொடுத்தேன். வந்ததெல்லாம் ஆண்கள் அளவு. பெண்களுக்கு இரண்டு அளவு பெரிசு. "துணி வைத்து இறுக்கிப் போட்டுக்கொள்ளுங்கள்" என்று சொன்னேன். நான்காம் நாள் ஒரு சித்தாள் பாண்டோடு வழுக்கி மணிக்கட்டு உடைந்தது. ரீப்பர் கட்டையை அவர் காலால் உணரவே முடியவில்லை. வேலை எடுத்தவர் அரை மாதக் கூலியோடு கைகழுவிக்கொண்டார். மீதிக்கு நான் அலைந்தேன், முழுதாக வாங்கித் தர முடியவில்லை.

வெறுங்கால்தான் நல்லது என்று இதிலிருந்து யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆணி, கம்பி முனை, சிமெண்ட் அரிப்பு எல்லாம் இருக்கிற இடம் அது. ஆனால் காலில் கட்டுகிற ஒரு கிலோ முதுகில் சுமக்கிற ஒரு கிலோ மாதிரி இல்லை, பல மடங்கு களைப்பு. பாதத்தின் அடித்தோலும் கணுக்காலும் மூளைக்குத் தரையைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருக்கின்றன, கண்ணும் உள்காதும் சொல்வதோடு சேர்த்து. பெரிய பூட்ஸ் அந்த வாயை அடைத்துவிடுகிறது. இப்போது நான் கால் அளந்து, மெல்லிய அடித்தட்டாகப் பார்த்து, ஆளுக்கு ஆள் வாங்குகிறேன். வாங்கித் தராவிட்டால் வேலை தொடங்க மாட்டேன் என்று சொல்லிவிடுகிறேன்.

27 நவம்பர், இரவு 9.50

கோயம்பேட்டில் மூட்டை இறக்கும் அண்ணன் ஒருவரோடு டீக்கடையில் பேசிக்கொண்டிருந்தேன். 1996இல் சந்தை இங்கே வருவதற்கு முன் கொத்தவால்சாவடியில் இருந்தவர். வெங்காய மூட்டையைப் பின்கழுத்தில் வாங்கி, கொக்கியால் ஒரு முனையை இழுத்துப் பிடித்து, குனிந்து ஓட்டமும் நடையுமாகப் போவார்கள். ஏன் ஓடுகிறீர்கள், மெதுவாகப் போனால் பாதுகாப்பில்லையா என்றேன். "நின்னா அழுத்தும். ஓடுனா அது என் கூட வரும்" என்றார். கீழே அழுகிய முட்டைகோஸ் இலை, ஈரம். ஆனால் அடி மிகச் சின்னது, பாதம் முழுசாகத் தட்டையாக விழுகிறது. குதிகால் முதலில் படுவதே இல்லை. குதிகால்தான் வழுக்கும்.

சின்ன வயதில் அவர் தூக்கியது 75 கிலோ அரிசி மூட்டை, சர்க்கரை என்றால் நூறு. வளர்ந்த ஆண் ஒருவர் கையால் சுமப்பதற்கு 55 கிலோதான் மேல்வரம்பு என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு பரிந்துரைத்தது 1967இல்! இப்போது 25 கிலோ சிப்பம் வந்துவிட்டது. "ஒரே நேரத்துல ரெண்டு தூக்கச் சொல்றாங்க" என்றார்.

1 டிசம்பர், காலை 11.00

நேற்று ஃபெஞ்சல் புயல் மழை. எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர். பால், பிரெட் வாங்கப் போனேன், இரண்டு கிலோகூட இல்லை, அதற்கே தடுமாறினேன். காரணம் கண். கரடுமுரடான வழியில் நம் கண் காலடியைப் பார்ப்பதில்லை, இரண்டு மூன்று அடி எடுத்துவைக்கும் தூரம் முன்னால் பார்த்துக் கால் வைக்கும் இடத்தைத் தேர்ந்தெடுத்துக்கொண்டே வருகிறது. ஆய்வகத்தில் அளந்தும் இதைக் காட்டியிருக்கிறார்கள். கலங்கல் தண்ணீர் அதை மறைத்துவிட்டது.

இதே காரணத்தால் நெஞ்சோடு அணைத்துத் தூக்கும் அட்டைப்பெட்டி மோசம். எடை மையத்துக்கு அருகில் இருப்பதால் கணக்குப்படி நல்ல இடம், ஆனால் முன்னால் இருக்கிற தரை தெரியாது. தம்பி, உன் கேனும் வலது பக்கக் கண்ணை மறைத்தது, தலையையும் இடது பக்கம் தள்ளியது. 11ஆம் தேதி மூன்று போனது என்று எழுதினேன், நான்கு.

2 டிசம்பர், இரவு 9.00

ஆய்வு என்றதும், தலைச்சுமையையும் அளந்திருக்கிறார்களா என்று இரண்டு பேர் கேட்டார்கள். 1986இல் கென்யாவின் லுவோ, கிகுயு பெண்களை அளந்தார்கள். தங்கள் எடையில் ஐந்தில் ஒரு பங்கு வரை தலையில் சுமந்தும் கூடுதல் சக்தி செலவாகவில்லை என்று வந்தது. நேபாளச் சுமையாட்கள் நெற்றிப்பட்டையில் மாட்டிச் சுமப்பதை அளந்து 2005இல் எழுதினார்கள், ஆண்களின் சராசரிச் சுமை அவர்கள் உடல் எடையில் 93 சதவீதம். இதைப் படித்துவிட்டு "தலைச்சுமை இலவசம்" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். 2010இல் தென்னாப்பிரிக்கப் பெண்களிடம் அளந்தபோது தலைக்கும் முதுகுக்கும் அப்படி வித்தியாசம் வரவில்லை, ஆளுக்கு ஆள்தான் வித்தியாசம் பெரிதாக இருந்தது. எனக்கு அது ஆச்சரியமாக இல்லை. ஒரே சாரத்தில் ஏறும் பத்துப் பேரும் பத்து விதமாகத்தான் ஏறுகிறார்கள்.

8 டிசம்பர், காலை 7.30

தம்பி மீன்காரம்மாவையே பிடித்துக் கேட்டுவிட்டார். எழுதியதை அப்படியே தருகிறேன்:

"அண்ணே, காசிமேட்டில் மீன் எடுத்து வருகிறாராம், 32 வருடமாக. காலி கூடையை என் தலையில் வைத்துப் பார்க்கச் சொன்னார். நான் கீழே பார்த்தேன், கூடை முன்னால் சரிந்தது. 'கீழ என்னத்தப் பாக்குற, தூரமாப் பாரு, கால் பாத்துக்கும்' என்றார். நான் விழுந்த இடத்தைக் காட்டினேன். அந்த இடத்தில் காலே வைக்கவில்லையாம். சுவர் ஓரமாக ஒரு கல் வரிசை இருக்கிறது, பழைய நடைபாதைக் கல், அதன் மேல் போனாராம். 'நீ விழறதுக்கு ரெண்டு நாள் முன்னாடியே மண்ணு உள்ள போச்சு, அதுலருந்து அந்தப் பக்கம் போறதில்ல.' இன்னொன்றும் சொன்னார். நடப்பதில் பயமில்லை, தூக்கிவிட ஆள் இல்லாத இடத்தில் இறக்கினால்தான் பயமாம்."

8 டிசம்பர், இரவு 10.20

நான் 13ஆம் தேதி "புதைந்திருக்கும்" என்று அடித்துச் சொன்னேன். புதையவில்லை. அந்த அம்மா அங்கே கால் வைக்கவே இல்லை.

கடைசியாகச் சொன்னாரே, அதுதான் என்னை உலுக்கிவிட்டது. ஊர்ப்பக்கம் சாலையோரம் சுமைதாங்கிக் கல் நிற்கும். இரண்டு கல் நட்டு மேலே ஒரு பலகைக்கல். பிள்ளைப்பேற்றில் இறந்த பெண்ணின் நினைவாக அந்தக் காலத்தில் நட்டது. துணைக்கு ஆள் இல்லாமலே தலையிலிருந்து சுமையைச் சரித்து வைத்து, இளைப்பாறி, திரும்பத் தலையில் வாங்கிக்கொள்ளலாம். எங்கள் சைட்டில் விழுந்தவர்களை எண்ணிப் பார்த்தேன். நடந்துகொண்டிருக்கும்போது விழுந்தவர்களைவிட, குனிந்து ஏற்றும்போதும் இறக்கும்போதும் இடுப்பு பிடித்தவர்கள், சறுக்கியவர்கள்தான் அதிகம். தரையிலிருந்து தலைக்கு ஏறும் அந்த ஐந்து அடிப் பயணத்தில்தான் சுமை உடம்பை விட்டு மிகவும் விலகி நிற்கிறது. இத்தனை வருடம் நடைவழியை மட்டுமே சரிசெய்துகொண்டிருந்தேன்.

நாளை சைட்டில் ஹாலோ பிளாக்கில் சுமைதாங்கி கட்டப்போகிறேன்.

10 டிசம்பர், மாலை 7.00

கட்டியாகிவிட்டது. செங்கல் அடுக்கும் இடத்துக்குப் பக்கத்தில், சாய்வுப் பலகையின் அடியில் ஒன்று, முதல் மாடியில் ஒன்று. ஏழு வரிசை வைத்தேன், 4 அடி 10 அங்குலம் வந்தது. நான் ஐந்தே முக்கால் அடி, எனக்கு வசதியாக இருந்தது. சித்தாள்கள் இரண்டு நடை பார்த்துவிட்டு, "அண்ணா, எட்டிப் பிடிக்க வேண்டியிருக்கு" என்றார்கள். ஒரு வரிசை கழற்றினோம், 4 அடி 2 அங்குலம். மேலே சாக்கை மடித்துப் போட்டார்கள், கல் சறுக்காமல். மதியத்துக்குப் பிறகு யாரும் தரையிலிருந்து தூக்கவில்லை.

தம்பி, தையல் பிரித்தாயிற்றா? உங்கள் தெருமுனையில் கேன் இறக்கும் இடத்தில் பழைய மேஜை ஏதாவது கிடைத்தால் போடச் சொல். இடுப்பு உயரம் போதும். கேனைத் தோளில் ஏற்றாதே, இரண்டு கையும் விட்டு முதுகில் மாட்டுகிற மாதிரி பட்டை தைத்துத் தரும் தையல்காரர் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் இருக்கிறார், ஞாயிற்றுக்கிழமை நானே கூட வருகிறேன்.